சங்கு ஊதிய பிறகு

26 செப்டம்பர் 2025, வெள்ளி

அவர் போய் இன்றோடு ஆறு மாதம் நிறைகிறது. பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் மாலைச் சங்கு ஊதினால்தான் காப்பி கேட்பார். இன்றும் சங்கு கேட்டதும் என் கை தானாகவே இரண்டு தம்ளர்களை எடுத்தது. ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைப்பதற்குள் பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

எதிர் வீட்டுக் கொலுவுக்குப் போன ஆண்டுவரை முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். இவ்வாண்டு அந்த வீட்டு மருமகள் சுண்டலைக் கிண்ணத்தில் கொண்டுவந்து, "மனசுல எதுவும் வச்சுக்காதீங்க அத்தை" என்று என் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போனாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கணவனை இழந்தவளுக்குத் துணை மிகவும் வேண்டியிருக்கும் நேரம் பார்த்து, மங்கலத்தின் பெயரால் அவளை விலக்கி வைக்கும் இந்த வழக்கம் கொடியது. மனைவியை இழந்த ஆணை எவரும் இப்படி ஒதுக்குவதில்லை.

20 அக்டோபர் 2025, திங்கள்

தீபாவளி. துக்க ஆண்டு என்பதால் எண்ணெய்ச் சட்டி ஏற்றவில்லை.

பெங்களூரிலிருந்து மகன் நாள்தோறும் இருமுறை அழைக்கிறான். சாப்பாடு, மாத்திரை, கதவுத் தாழ்ப்பாள் மூன்றையும் கேட்டு முடித்தால் பேச்சும் முடிந்துவிடுகிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் கடந்த ஜூனில் வெளியிட்ட அறிக்கையைப் படித்துவிட்டு, முதியோருக்கான 14567 என்ற உதவி எண்ணில் பேசிப் பார்க்கச் சொன்னான். பேசுபவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் நேற்று கொல்லையில் முறிந்து விழுந்த முருங்கையை, அதை யார் நட்டது, எந்த ஆண்டு முதன்முதலில் காய்த்தது என்பதோடு சேர்த்துத் தெரிந்த ஒருவரிடம்தானே சொல்ல முடியும்?

4 நவம்பர் 2025, செவ்வாய்

குடும்ப ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்றைப் பதிய தபால்காரர் வீட்டுக்கே வந்தார். கட்டணம் 70 ரூபாய். தேய்ந்துபோன என் கட்டைவிரல் ரேகையைக் கருவி மூன்று முறை ஏற்கவில்லை. முந்தானையால் துடைத்து நான்காம் முறை வைத்தபோதுதான் பதிந்தது. "மறுமணம் செய்யலைன்னு போடணும்மா" என்று தயங்கியபடி சொன்னார். போடச் சொன்னேன்.

பின் தெருவில், பணிமனைக்காரர் ஒருவரின் மனைவி இரண்டு ஆண்டுகளாகத் தனியே இருப்பதாகவும், போனால் பேச்சுக் கொடுத்து அரைமணி நேரம் விடமாட்டார் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமை சங்கு ஊதும் நேரத்துக்கு அந்த அம்மாவை இங்கே வரச் சொல்லும்படி அவரிடமே தகவல் கொடுத்தேன். காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது. நாளை அரைத்து வாங்கிவர வேண்டும்.