சங்கிலிக் கணக்கில் நான் கோட்டைவிட்ட இடம்

மேசை விளிம்பில் ஒரு சங்கிலி குவியலாகக் கிடக்கிறது. முனை நழுவி, கண்ணி கண்ணியாகக் கீழே இறங்குகிறது. முடுக்கம் என்ன? தேர்வில் இதைப் பார்த்ததும் ஆற்றல் அழிவின்மை விதியைப் போட்டு, நாலே வரியில் ஜி/2 (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) என்று எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். விடை ஜி/3.

தப்பு எங்கே என்று பிடிபட எனக்கு ஒரு வாரம் ஆனது. குவியலில் சும்மா கிடக்கும் கண்ணியை, ஓடிக்கொண்டிருக்கும் சங்கிலி வெடுக்கென்று தன் வேகத்துக்கு இழுக்கிறது. இது மீட்சியற்ற மோதல், அதாவது இயக்க ஆற்றல் வீணாகும் மோதல். இழந்த நிலையாற்றலில் மூன்றில் ஒரு பங்கு இந்த வெடுக்குகளிலேயே போய்விடும். அதனால் உந்தத்தில்தான் (நிறை × திசைவேகம்) தொடங்க வேண்டும். அதே சங்கிலி வழவழப்பான மேசையில் நேராக நீட்டிக் கிடந்தால் எல்லாக் கண்ணிகளும் ஒரே வேகத்தில் நகரும். அங்கே ஆற்றல் விதி தாராளமாகப் போடலாம். ஆகவே வினாவில் ‘குவியல்’ என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தராசுக் கணக்கும் அடிக்கடி வரும். கீழ்முனை தராசைத் தொட்டபடி செங்குத்தாகப் பிடித்த சங்கிலியை விட்டால், கடைசிக் கண்ணி விழும் நொடியில் தராசு காட்ட வேண்டியது சங்கிலி எடையைப் போல 3 மடங்கு. இந்த 3-ஐ மனப்பாடம் செய்யாதீர்கள். விழுந்து கிடப்பதன் எடை ஒரு பங்கு, வந்து விழும் கண்ணிகளை நிறுத்தும் விசை இரண்டு பங்கு. வீட்டு டிஜிட்டல் தராசில் முயன்றேன். அது மெதுவாகத்தான் காட்டும், 3 மடங்கு தெரியவே இல்லை.

செய்து பார்க்க வேண்டியது வேறொன்று. சங்கிலியின் ஒரு முனையை உயரத்தில் கட்டுங்கள். மறு முனையை அதே உயரத்தில் பக்கத்திலேயே பிடித்தால் நடுப்பகுதி வளைந்து தொங்கும். பிடித்த முனையையும் ஒரு நட்டையும் ஒன்றாக விட்டு, போனில் ஸ்லோ மோஷனில் எடுங்கள். முனை நட்டை முந்தும்! ஜி-யைவிட வேகமாகவா என்று நானும் நம்பவில்லை. இங்கே ஆற்றல் பெரிதாக வீணாவதில்லை. நகரும் பகுதி குறையக் குறைய, இருக்கும் ஆற்றல் எல்லாம் மிஞ்சிய சில கண்ணிகளில் சேர்கிறது. வளைவில் உள்ள இழுவிசை அந்தப் பகுதியைக் கீழ்நோக்கி இழுப்பதைப் படம் வரைந்து அம்புக்குறி போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்குச் சமாதானம் ஆனது.