ரயிலுக்கு முன்பே வரையப்பட்ட வழிகள்

சிங்கப்பூரின் மேக்ஸ்வெல் சாலையில், நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் கட்டடத்தில் உள்ள காட்சிக்கூடத்தில், நகரத்தின் மையப் பகுதியைச் சிறு மாதிரியாக வடித்து வைத்திருக்கிறார்கள். பலரும் வானுயர் கட்டடங்களைத் தேடிப் படமெடுத்துக்கொண்டிருக்க, என் கவனமோ அவற்றுக்கு இடையே விடப்பட்டிருந்த வெளிகளின் மீது சென்றது. ஒரு நகரத்தின் போக்குவரத்து சாலையில் அல்ல, நிலத்தைப் பங்கிடும் மேசையில்தான் தீர்மானமாகிறது என்ற எண்ணத்துடனேயே இப்பயணத்திற்குக் கிளம்பியிருந்தேன்.

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையுடன் 1967-இல் தொடங்கிய ஆய்வு, 1971-இல் ஒரு நீண்டகால நிலப் பயன்பாட்டுத் திட்டமாக முடிந்தது. நடுவே நீர்ப்பிடிப்புக் காடு, அதைச் சூழ்ந்து வளையமாகப் புதுநகரங்கள், அவற்றை இணைக்கும் விரைவுச்சாலைகள், ரயில் பாதை என அது விரிந்தது. ரயில் கட்டுவதற்கான இறுதி முடிவு 1982-இல்தான் எடுக்கப்பட்டது. முதல் ரயில் இயோ சூ காங்கிற்கும் தோ பாயோவிற்கும் இடையே 1987 நவம்பர் 7 அன்று ஓடியது. பணமும் முடிவும் வருவதற்கு வெகுகாலம் முன்பே வழியை யோசித்து வைத்த அந்தப் பொறுமையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

தோ பாயோவில் இறங்கி நடந்தால் அதன் பயன் கண்கூடாகத் தெரிகிறது. நிலத்தடியில் ரயில், மேலே பேருந்து நிலையம், அதை ஒட்டி, அரசுக் குடியிருப்புகளைக் கட்டும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தலைமையகம், சற்றுத் தள்ளி நூலகம், இவற்றைச் சுற்றி அடுக்குமாடிக் குடியிருப்புகள். மழை தூறிக்கொண்டிருந்தபோதும் கூரையிட்ட நடைபாதைகளிலேயே பெரும்பாலான தூரத்தைக் கடந்தேன். ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டர் வரை இத்தகைய கூரைகளை நீட்டுவதற்கென்றே ஒரு திட்டம் இருந்தது. வீட்டு வாசலிலிருந்து நிலையம் வரையிலான அந்தக் கடைசி நடையை வெயிலும் மழையும் கெடுத்துவிட்டால், எத்தனை கோடியில் ரயில் கட்டினாலும் மக்கள் வாகனம் வாங்கவே நினைப்பார்கள்.

மைய நகருக்குள் நுழையும் கார்களுக்கு 1975 முதலே கட்டணம் உண்டு. 1998-இல் அது மின்னியல் முறைக்கு மாறியது. கார் வாங்குவதற்கு, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் ஏலத்தில் விடப்படும் உரிமைச் சான்றிதழைப் பெற வேண்டும் என்ற விதி 1990-இல் வந்தது. இக்கெடுபிடிகளை மட்டும் பெயர்த்தெடுத்துப் பிற நகரங்களில் நட்டுவிடலாம் என்று சிலர் கருதுகிறார்கள். காரின்றி வாழ வழி செய்யாமல் கட்டணம் மட்டும் விதிப்பது ஏழைகளின் மீதான தண்டனையாகவே முடியும்.

வடகிழக்கிலுள்ள பொங்கோல் புதுநகரத்தில் பல்கலைக்கழக வளாகத்தையும் வணிகப் பூங்காவையும் அருகருகே அமைத்து, கட்டடங்களின் தகவல்களை ஒரே மின்னிலக்கத் தளத்தில் இணைத்திருக்கிறார்கள். திறன் நகரம் (ஸ்மார்ட் சிட்டி) என்றதும் நாம் வியப்பது தகவல் திரட்டும் உணரிகளையும் திரைகளையும்தான். ஆனால் உணரிகள் நாம் மேற்கொள்ளும் பயணத்தைச் சீராக்கும்; வேலையும் வீடும் அருகருகே இருப்பதோ நீண்ட பயணத்தையே தேவையற்றதாக்கும். 1991-ஆம் ஆண்டின் திருத்திய நிலப் பயன்பாட்டுத் திட்டம், மைய நகருக்கு வெளியே தெம்பனிஸ் போன்ற இடங்களை வட்டார மையங்களாக வளர்க்க முனைந்ததும் இதற்காகத்தான்.

மேற்கில் உருவாகிவரும் புதுநகரமான தெங்கா எனக்கு மனநிறைவையும் வருத்தத்தையும் சேர்த்தே தந்தது. நகர மையத்தில் கார்களை நிலத்தடிச் சாலைகளுக்கு அனுப்பி, மேற்பரப்பை நடப்பவர்களுக்கும் மிதிவண்டிகளுக்கும் விடுவது நல்ல திட்டம். ஆனால் அதற்காக, இராணுவப் பயிற்சிக் களமாக இருந்த நிலத்தில் தானாக வளர்ந்திருந்த காட்டின் பெரும்பகுதி அழிந்தது; சுமார் 100 மீட்டர் அகலமுள்ள காட்டுப் பட்டை ஒன்றை விட்டுவைப்பது அந்த இழப்புக்கு ஈடாகும் என்று என்னால் ஏற்க இயலவில்லை. மேலும், 2023-இலேயே அங்கு மக்கள் குடியேறத் தொடங்கிவிட்டனர். ஜூரோங் வட்டார ரயில் பாதையோ 2027 முதல் கட்டங்கட்டமாகத் திறக்கும் வகையில்தான் திட்டமிடப்பட்டது. கார் வாங்குவதா வேண்டாமா என்பதைக் குடும்பங்கள் இந்த இடைவெளியில்தான் முடிவுசெய்கின்றன என்பதால், அதுவரை அங்கு ஓடும் பேருந்துகள் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதே தெங்காவின் மிக முக்கியமான கேள்வியாக எனக்குப் படுகிறது.