பைதானில் கிளாஸ் பழகுகிறேன்: இரவல் போன புத்தகங்களின் கணக்கு

பைதான் என்ற நிரல்மொழியில் இஃப், ஃபார், ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. கிளாஸ் (விவரங்களையும் அவற்றோடு வேலை செய்யும் ஃபங்ஷன்களையும் ஒன்றாக வைக்கும் அச்சு) மட்டும் படிக்கும்போது புரிகிற மாதிரி இருக்கும், எழுத உட்கார்ந்தால் நழுவிவிடும். பாடங்களில் வருகிற நாய், பூனை, கார் எல்லாம் எனக்கு ஒட்டவே இல்லை. குரைப்பதற்கு பிரிண்ட் ஒரு வரி போதுமே, அதற்கு எதற்கு ஒரு கிளாஸ் என்றுதான் தோன்றும். அதனால் எனக்கே வேண்டிய ஒன்றை எடுத்துக்கொண்டேன்: என் புத்தகங்களில் எது யாரிடம் இருக்கிறது என்ற இரவல் கணக்கு.

முதலில் கிளாஸ் இல்லாமலேயே எழுதினேன். ஒவ்வொரு புத்தகமும் ஒரு டிக்‌ஷனரி. அதாவது பெயரிட்ட விவரங்களின் தொகுப்பு. அதில் தலைப்பு, ஆசிரியர், யாரிடம் இருக்கிறது என்ற விவரங்கள். கூடவே கொடு(புத்தகம், பெயர்), திரும்ப_வாங்கு(புத்தகம்), எங்கே(புத்தகம்) என்று சில ஃபங்ஷன்கள். பைதான் 3-இல் இப்படிப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், கீவேர்டுகள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். நன்றாகவே ஓடியது. ஆனால் மேலிருந்து கீழே வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. எல்லா ஃபங்ஷனும் முதலில் கேட்பது அதே புத்தகத்தைத்தான்.

கிளாஸுக்குள் எழுதும் ஃபங்ஷன்களில் முதலில் வரும் செல்ஃப் என்பது இந்த முதல் இடம்தான். அதே ஃபங்ஷன்களை நூல் என்ற கிளாஸுக்குள் நகர்த்தி, புத்தகம் என்று இருந்த இடத்தில் செல்ஃப் என்று போட்டேன். அ என்ற வேரியபிளில் ஒரு நூலை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் ஓட்டினேன்:

அ.கொடு("தம்பி")
நூல்.கொடு(அ, "தம்பி")

இரண்டுக்கும் ஒரே விளைவு. புள்ளிக்கு முன்னால் இருக்கும் ஆப்ஜெக்டை, அதாவது கிளாஸிலிருந்து உருவான அந்த நூலை, எடுத்து முதல் இடத்தில் வைத்து அனுப்புகிறது பைதான், அவ்வளவுதான். சோதனைக்காக கொடு மெத்தடில் (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனுக்கு மெத்தட் என்று பெயர்) செல்ஃபை எடுத்துவிட்டு ஓட்டினேன். ஒன்றுதான் வாங்கும், ஆனால் இரண்டு கொடுக்கப்பட்டிருக்கிறது என்று டைப் எர்ரர் வந்தது. அடைப்புக்குறிக்குள் நான் கொடுத்தது ஒரே ஒரு பெயர். அந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவுடன் கிளாஸில் இருந்த மர்மம் பாதி போய்விட்டது. கிளாஸ் படிக்கத் தொடங்குகிற யாருக்கும் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்க்கச் சொல்வேன்.

அடுத்து, ஒவ்வொரு நூலும் யார் யாரிடம் போய்வந்தது என்ற வரலாறு வேண்டும். அதற்கு ஒரு லிஸ்ட். அதை எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வேண்டுமென்றே இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தேன். கிளாஸ் வரிக்கு நேர் கீழே வரலாறு = [] என்று எழுதினால், ஒரு நூலின் வரலாற்றில் சேர்க்கும் பெயர் எல்லா நூல்களிலும் தெரிகிறது. அ.வரலாறு, ஆ.வரலாறு இரண்டையும் 'இஸ்' போட்டு (இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்று) ஒப்பிட்டால் ட்ரூ என்கிறது. காரணம் எளிது: கிளாஸின் உடல் பகுதி ஒரே ஒரு முறைதான் ஓடும், அப்போது பிறப்பதும் ஒரே லிஸ்ட்தான். அதையே, ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானாக ஓடும் இனிட் மெத்தடுக்குள் செல்ஃப்.வரலாறு = [] என்று எழுதினால் ஒவ்வொரு நூல் உருவாகும்போதும் புதிய லிஸ்ட் பிறக்கிறது. எது கிளாஸுக்குச் சொந்தம், எது ஆப்ஜெக்டுக்குச் சொந்தம் என்பதை நான் உணர்ந்து படித்தது இங்கேதான்.

கிளாஸ் என்ற இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்றும் கொஞ்சம் தேடிப் படித்தேன். நார்வேயில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் கிளாஸும் ஆப்ஜெக்டும் முதலில் வந்தன. பெயரே சொல்கிறபடி அவர்களுக்கு வேண்டியிருந்தது சிமுலேஷன், அதாவது நிஜ நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்ப்பது. ஒரே மாதிரியான பல பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிலை. அலமாரியில் இருக்கும் புத்தகங்களும் அப்படித்தானே!

அப்புறம் இன்ஹெரிட்டன்ஸ், அதாவது ஒரு கிளாஸில் இருப்பதை இன்னொரு கிளாஸ் தானாகப் பெறுவது. மின்னூல்களும் இருப்பதால் நூலிலிருந்து மின்னூல் என்ற கிளாஸை எழுதினேன். தலைப்பும் ஆசிரியரும் தானாக வந்துவிட்டன, சந்தோஷம். ஆனால் மின்னூலை ஒருவருக்குக் கொடுத்தாலும் அது என்னிடமும் இருக்கும். திரும்ப வாங்குவது என்பதே கிடையாது. பரம்பரையாக வந்த மெத்தடுகளை ஒவ்வொன்றாக மாற்றி எழுதுவதிலேயே நேரம் போனது. இவ்வளவு மாற்ற வேண்டியிருந்தால் அது நூலின் ஒரு வகை இல்லை என்று முடிவு செய்து மின்னூலைத் தூக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக இரவல் என்று ஒரு சின்ன கிளாஸ்: யாருக்கு, கொடுத்த நாள், திரும்பி வந்த நாள். நூலின் வரலாற்றில் இப்போது வெறும் பெயர்களுக்குப் பதில் இரவல் ஆப்ஜெக்டுகள் இருக்கின்றன. மின்னூலைப் பற்றிய கேள்வியே எழவில்லை, ஏனென்றால் அதற்கு இரவல் கிடையாது. பாடங்கள் இன்ஹெரிட்டன்ஸுக்கு நிறையப் பக்கம் ஒதுக்குகின்றன. ஒரு ஆப்ஜெக்டுக்குள் இன்னொரு ஆப்ஜெக்டை வைப்பதற்கும் அதே அளவு இடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இரவல் கிளாஸில் பைதானின் டேட் ஆப்ஜெக்டைப் பயன்படுத்தினேன். இன்றைய தேதியிலிருந்து கொடுத்த நாளைச் சாதாரணமாகக் கழித்தல் குறி போட்டுக் கழிக்கலாம், விடையில் டேஸ் என்று கேட்டால் எத்தனை நாள் ஆயிற்று என்று வந்துவிடும். டேட் கிளாஸை எழுதியவர்கள் கழித்தலுக்கென்று ஒரு மெத்தட் வைத்திருப்பதால்தான் அது நடக்கிறது. அதைப் பார்த்து நானும் சிறியதா என்று ஒப்பிடும் மெத்தடை இரவலில் எழுதினேன். இப்போது வரிசைப்படுத்தும் ஃபங்ஷனான சார்ட்டட் போட்டால் நெடுநாளாகத் திரும்பாதவை முதலில் வருகின்றன. நான் எழுதிய கிளாஸ் பைதானின் சொந்த ஃபங்ஷனோடு பேசியது ரொம்பப் பிடித்திருந்தது.

இப்போது ஃபைலில் சேமிக்கும் வேலை நடக்கிறது. ஜேசான் (விவரங்களை எழுத்தாகச் சேமிக்கும் வடிவம்) என் நூல் ஆப்ஜெக்டை அப்படியே வாங்கிக்கொள்ளாது. அதனால் நூலை டிக்‌ஷனரியாக மாற்றித் தர ஒரு மெத்தட், டிக்‌ஷனரியிலிருந்து நூலைத் திரும்ப உருவாக்க ஒரு கிளாஸ்மெத்தட் (ஆப்ஜெக்ட் இல்லாமல் கிளாஸின் பேரிலேயே அழைக்கும் மெத்தட்). முதலாவது முடிந்துவிட்டது. இரண்டாவதில் எழுத்தாகச் சேமித்த தேதிகளை மறுபடி டேட் ஆப்ஜெக்டாக்க வேண்டும். அதற்கு ஃப்ரம் ஐசோ ஃபார்மேட் என்ற மெத்தட் டேட் கிளாஸிலேயே இருக்கிறது, அதை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.