இறால் முதுகில் இருப்பது நரம்பு இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ இறாலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய வேலை அது. தலையைத் திருகி எடுத்து, ஓட்டை உரித்து, முதுகில் கத்தி நுனியால் ஒரு கீறு கீறினால் கறுப்பாக ஒரு நூல் எட்டிப் பார்க்கும், அதைப் பல்குச்சியால் நெம்பி இழுத்தால் பாதியில் அறுந்துவிடும், அப்புறம் மீதியைத் தேடித் துழாவ வேண்டும். உள்ளேயிருந்து அம்மா, "நரம்பை எல்லாம் எடுத்துட்டியாடா? போன தடவை வாயில வச்சா மண்ணு நறநறன்னுச்சு" என்றார்.

நரம்பில் மண் எப்படி வரும்? அது குடல். இறால் கடைசியாகத் தின்ற சேறும் பாசியும்தான் கறுப்பாகத் தெரிகிறது. சமையல் வீடியோ போடுகிறவர்கள் முதற்கொண்டு எல்லோரும் நரம்பு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். நிஜ நரம்பைப் பார்க்க வேண்டுமென்றால் இறாலைத் திருப்பிப் போட வேண்டும். வயிற்றுப் பக்கம், கால்கள் கிளம்புகிற இடத்துக்கு நடுவே வெளிறிய மெல்லிய இழை ஒன்று ஓடும், கண்டத்துக்குக் கண்டம் அதில் சின்னச் சின்ன முடிச்சு. இதயமோ முதுகுப் பக்கம், தலையோடு சேர்த்து நாம் திருகி எறிகிற பகுதியில் இருக்கிறது.

அன்றைக்கு வஞ்சிரமும் வாங்கியிருந்தோம். வஞ்சிரத் துண்டை வட்டமாகப் பார்த்தால் நடுமுள்ளுக்கு மேலே, முதுகுப் பக்கமாக, பொடியாக ஒரு துளை தெரியும். அதற்குள் வெள்ளையாக இருப்பது தண்டுவடம், அதாவது மீனின் பெரிய நரம்பு. குடலும் இதயமும் கீழே, வயிற்றுப் பக்கம். மீன் வெட்டுகிறவர் வயிற்றைக் கீறித்தானே குடலை எடுக்கிறார்? நமக்கும் இதே ஏற்பாடுதான். ஆக, இறாலை மல்லாக்கப் போட்டுவிட்டால் உள்ளே எல்லாம் மீனைப் போல அடுக்கியிருக்கிறது.

இதை முதலில் உரக்கச் சொன்னவர் பிரான்ஸைச் சேர்ந்த எத்தியேன் ஜோஃப்ருவா சென்ட் இலேர். 1822-இல், நம்மூர் சிங்கி இறாலுக்குத் தூரத்து உறவான ஒன்றை அறுத்து, மல்லாத்தி வைத்துப் படம் வரைந்து, முதுகெலும்புள்ள பிராணிகளின் உடல் அமைப்பு இதில் அப்படியே இருக்கிறது பாருங்கள் என்றார். கூட வேலை பார்த்த ஜார்ஜ் குவியேவுக்கு இது ஆகவே ஆகாது. முதுகெலும்புள்ளவை, நத்தை மாதிரி மெல்லுடலிகள், பூச்சியும் மண்புழுவும் இறாலும் மாதிரிக் கண்டம் கண்டமாக உடல் உள்ளவை, நட்சத்திர மீன் மாதிரி வட்ட அமைப்புள்ளவை என்று விலங்குலகத்தை நான்கு பெட்டியாகப் பிரித்து, ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் பாலமே கிடையாது என்று பூட்டும் போட்டவர் அவர். 1830-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் இருவரும் வெளிப்படையாக மோதினார்கள். அந்த ஆண்டுதான் பிரான்ஸில் ஜூலைப் புரட்சி. செய்தி வந்ததும் பார்க்க வந்தவரிடம் ஜெர்மனியில் இருந்த கவிஞர் கதே, 'அந்தப் பெரிய சம்பவத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்று கேட்க, வந்தவர் புரட்சியைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, கதே கேட்டது இந்தச் சண்டையைப் பற்றியாம். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது இதனால்தான்.

வாதத்தில் குவியேதான் ஜெயித்தார் என்று பேச்சு. ஜோஃப்ருவா சொன்னது ஒரு கிறுக்கு யோசனையாக நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. 1990களில் கதை திரும்பியது. தவளைக் கருவில் 'முதுகு இந்தப் பக்கம்' என்று முடிவு செய்கிற வேலையில் கார்டின் என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பழ ஈயில் அதற்கு ஒரு பங்காளி மரபணு உண்டு, ஆனால் அது வேலை செய்வது வயிற்றுப் பக்கம். இரண்டு பிராணியிலும் அது வேலை செய்கிற பக்கத்தில்தான் நரம்பு உருவாகிறது. ஈயின் மரபணு தருகிற ஆர்.என்.ஏ.வைத் தவளைக் கருவில் செலுத்திப் பார்த்தார்கள், தவளை அதைத் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டு முதுகுத் திசுவை வளர்த்தது. தவளையினுடையதை ஈயில் செலுத்தினால் வயிற்றுப் பக்கம் வளர்கிறது.

சரி, திரும்பிப் படுத்தது யார், இறாலா நாமா? இதற்குச் சாட்சி சொல்ல ஒரு புழு இருக்கிறது. ஏகார்ன் புழு என்பார்கள். மன்னார் வளைகுடாவில் குருசடைத் தீவு மணலில்கூட ஒரு இனம் உண்டு, தொட்டால் பிய்ந்துவிடுகிற அளவுக்கு மென்மையானது. இது நட்சத்திர மீனுக்கு நெருங்கிய உறவு, அந்த இரண்டும் சேர்ந்து இறாலைவிட நமக்கு நெருக்கம். (ஆமாம், நட்சத்திர மீன் நம் பக்கத்துச் சொந்தம், கணவாய் இல்லை.) அந்தப் புழுவில் கார்டின் மாதிரி மரபணுக்கள் எந்தப் பக்கம் வேலை செய்கின்றன என்று பார்த்தபோது, ஈயில் இருக்கிற அதே திசை. அப்படியென்றால் புரண்டது நம் மூதாதைதான், இறால் பழைய வாக்கிலேயே கிடக்கிறது. பொதுவான பாட்டனுக்கு ஒற்றை நரம்புத் தண்டு இருந்ததா, உடம்பெல்லாம் பரவிய வலைபோல இருந்ததா என்பதில் மட்டும் இன்னும் அடிதடி.

குவியேயின் கண்டப் பெட்டியும் பிறகு உடைந்தது. இறாலுக்கும் மண்புழுவுக்கும் உடம்பு கண்டம் கண்டமாக இருப்பதால் அவை நெருங்கிய சொந்தம் என்றுதான் ரொம்ப நாள் பாடப்புத்தகம் சொன்னது. 1997-இல் மரபணு வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், வளர வளரச் சட்டை உரிக்கிறவை எல்லாம் ஒரு குடும்பம் என்றார்கள். இறால், கரப்பான், தேள், குடலில் இருக்கிற உருளைப்புழு எல்லாம் அதில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன, மண்புழு நத்தையோடும் கணவாயோடும் போனது. இன்னும் தோண்டினால், பூச்சிகளே இறால் நண்டுக் கூட்டத்துக்குள்ளிருந்து கிளைத்தவை, கரப்பானுக்குப் பூரானைவிட இறால்தான் நெருக்கம். இதைச் சாப்பிடும்போது சொல்லாதீர்கள், என் தங்கை தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அம்மாவிடம் ஒரு இறாலைத் திருப்பிக் காட்டி, "இதுதாம்மா நரம்பு, நீங்க சொல்றது குடல்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் பார்த்தார்.

"அப்ப அதையும் எடுக்கணுமா?"

"வேண்டாம்மா, அதுல மண் இருக்காது."

"பின்ன என்னத்துக்கு அதைக் காட்டிக்கிட்டு இருக்க? முதுகு நரம்பை ஒழுங்கா எடு."