ரப்பருக்கு முன்னாடி ஒரு குழி

மார்ச் மாசம் ஒரு சனிக்கிழமை, காலைல 8 மணிக்கு சாஃப்ட்பால் ஆட்டம். ராத்திரி பூரா மழை. என் பொண்ணு பாப்பாதான் பிட்சர், அதாவது பந்து போடுறவ. மூணாவது பந்து போடுறா, இடது கால் முன்னாடி போய் விழுந்துச்சு, விழுந்த கால் நிக்கல, அப்படியே வழுக்கிட்டு போயிருச்சு. கை தரைல ஊனி எந்திரிச்சா, அழல, ஆனா முகம் வெளுத்துப் போச்சு. சாயங்காலம் கணுக்கால் வீங்கிருச்சு. ஒரு வாரம் ஐஸ், ரெஸ்ட். அதோட முடிஞ்சதுன்னுதான் நெனச்சேன்.

திரும்ப ஆட வந்தப்ப ஒரே இன்னிங்ஸ்ல 6 வாக் (நாலு பந்து தப்பா போனா பேட்டர் சும்மாவே மொத பேஸுக்குப் போறது). பந்து எல்லாம் பேட்டர் தலைக்கு மேல போகுது. காசு குடுத்து தனியா பிட்சிங் கிளாஸ் கூட்டிட்டுப் போனேன். அங்க உள்ள மேட் மேல நின்னு போட்டா ஒரு குறையும் இல்ல, கேட்சர் கிளவுஸ அசைக்கவே வேண்டாம். கிரவுண்டுக்கு வந்தா மறுபடி அதே கதை. பயந்துட்டா, மனசு சரியில்ல, தைரியம் சொல்லுங்கன்னு ஆளாளுக்கு சொன்னாங்க. நானும் ரெண்டு மூணு வாரம் தைரியம்தான் சொல்லிட்டு இருந்தேன். அப்புறம் ஒருநாள் கார்ல வரும்போது அவளே சொன்னா, "அம்மா, கால் விழுற எடத்துல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியலம்மா, அதான் சின்னதா வைக்கிறேன்."

மறுநாள் ஆள் இல்லாத நேரமா போய் பிட்சர் நின்னு பந்து போடுற சர்க்கிள்ல குத்தவச்சு உக்காந்து பாத்தேன்.

நம்ம ஊர்க்காரங்களுக்காக கொஞ்சம் சொல்லிடுறேன், ஏன்னா டல்லாஸ் பக்கம் இப்ப நெறைய தமிழ்ப் புள்ளைங்க ஆட வருது, நமக்கு கிரிக்கெட் தெரிஞ்ச அளவுக்கு இது தெரியாது. சாஃப்ட்பால்ல பேஸ்பால் மாதிரி பிட்சர் நிக்க மேடு கிடையாது, சர்க்கிள் சமதரை, நடுவுலருந்து 8 அடி. உள்ள 24 இன்ச் நீளம் 6 இன்ச் அகலத்துல வெள்ளை ரப்பர் பதிச்சிருக்கும். வலது கைக்காரப் புள்ளைன்னா அந்த ரப்பர்லருந்து வலது கால்ல உந்தி இடது கால கிட்டத்தட்ட தன் உயரத்துக்கு எட்டி வைக்கும், பின்னாலயே வலது கால் கட்டைவிரல் தரைய தேச்சுக்கிட்டே போகும். அதனால ரெண்டு குழி விழும். ரப்பருக்கு ஒட்டுனாப்ல ஒண்ணு, கால் எறங்குற எடத்துல ஒண்ணு. வாரக்கடைசில ஒரே கிரவுண்ட்ல அஞ்சாறு ஆட்டம் நடக்கும்போது மத்தியானத்துக்குள்ள ரப்பர ஒட்டுன குழி நாலு இன்ச் ஆழம் போயிருது, ரப்பர் வாசப்படி மாதிரி துருத்திக்கிட்டு நிக்குது. பாஸ்ட் பவுலர் கால் பதியிற எடத்துல மரத்தூள் போடுவாங்கல்ல, அதே பிரச்சினைதான், ஆனா இங்க 11 வயசுப் புள்ள.

நான் அங்க கண்டது இன்னும் மோசம். ரப்பர்லருந்து பேட்டர் பக்கத்துல இருக்கிற ஹோம் பிளேட்டுக்கு உள்ள தூரம் வயசுக்கு வயசு மாறும், 10 வயசுக்குள்ளன்னா 35 அடி, 12க்குள்ளன்னா 40, அதுக்கு மேல 43. ஒரே கிரவுண்ட்ல எல்லாரும் ஆடுறதால மூணு ரப்பரும் பதிச்சே கெடக்கு. பாப்பா 40ல நிக்கிறா. 35 ரப்பர் சரியா 5 அடி முன்னாடி. இவ உயரம் 5 அடிக்கு ஒரு இன்ச் கம்மி! டேப் வச்சு அளந்து பாத்தேன், இவ இடது கால் எறங்குற எடம் அந்த ரப்பரேதான். மழைல நனைஞ்ச ரப்பர் மேல பிளாஸ்டிக் முள்ளு ஷூ. எனக்கு நெஞ்சு பதறிப்போச்சு. இத்தனை நாளா அந்தப் பிள்ளைய தைரியமா இருன்னு சொல்லிட்டு இருந்தோமேன்னு.

லீக்ல மெயில் போட்டேன், பதில் இல்ல. மறுபடி போட்டேன், பாக்குறோம்னு ஒரு வரி. மூணாவது தடவ டேப்ப ரப்பர் மேல விரிச்சு, பக்கத்துல அவ ஷூ தடத்தையும் சேத்து போட்டோ எடுத்து அனுப்புனேன், அடுத்த வாரமே 35 ரப்பர கழட்டிட்டு அந்த எடத்த அடைச்சுட்டாங்க, சின்னப் புள்ளைங்கள வேற கிரவுண்டுக்கு மாத்திட்டாங்க. அளவோட ஒரு போட்டோ அனுப்புங்க, அதத்தான் நான் எல்லா பெத்தவங்களுக்கும் சொல்லிட்டு இருக்கேன்.

குழிய மூடுறது மட்டும் நம்ம கைல இருந்துச்சு. ஆரம்பத்துல நாங்க எல்லாரும் செஞ்சது, சுத்தியிருக்கிற காஞ்ச புழுதிய கால்ல தள்ளி குழிய நெரப்புறது. பாக்க சமமா இருக்கும், ரெண்டாவது பந்துல எல்லாம் பறந்துரும். ஒருநாள் ராத்திரி கோவில்பட்டிக்கு அப்பாகிட்ட வீடியோ கால்ல சொன்னேன். அவர் ஆயுசு பூரா மானாவாரி வெவசாயம், சாஃப்ட்பால பாத்ததே இல்ல. "மண்ணு பதத்துல இருக்கும்போது இடிச்சாத்தான் தாயி புடிக்கும், காஞ்சதுல இடிச்சா புழுதி, நனைஞ்சதுல இடிச்சா சேறு"ன்னார். ஒரு பிடி எடுத்து அமுக்கிப் பாரு, உருண்டை நிக்கணும், கைல ஒட்டக்கூடாது, அதான் பதம். கிரவுண்ட் பாத்துக்கிறவர்கிட்ட கேட்டா அவரும் இதையே வேற வார்த்தைல சொல்றார். இதுல எனக்கு ஒரு சந்தோஷம் என்னன்னா இங்க வடக்கு டெக்சாஸ்லயும் கரிசல் மண்ணுதான், வெயில்ல நம்ம ஊரு மாதிரியே பாளம் பாளமா வெடிக்கும், மழைல உப்பும், ஆடுற எடத்துல மட்டும் மேல சிவப்பு மண்ணு போட்டு மூடியிருக்காங்க.

இப்ப செய்றது இதுதான். ஆட்டத்துக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி போயிருவோம். குழில இருக்கிற உதிரி மண்ண முழுசா வழிச்சு எடுத்துட்டு, அடில கெட்டித்தரை தெரியணும், அதுமேல லேசா தண்ணி தெளிச்சு, களிமண்ண ஒரு இன்ச் ஒரு இன்ச்சா போட்டு ஒவ்வொரு தடவையும் டேம்பரால (கைப்பிடி வச்ச இடிகட்டை) இடிக்கணும். டேம்பர்ல மண்ணு ஒட்டுனா கொஞ்சம் காஞ்ச மண்ணு தூவிட்டு இடிங்க. கடைசியா மேல மெல்லிசா உதிரி மண்ணு, ரேக்ல ஒரு இழுப்பு. தண்ணி தேங்கியிருந்தா தொடப்பத்த வச்சு புல் பக்கம் தள்ளாதீங்க, தண்ணியோட நல்ல மண்ணும் போய் புல் ஓரத்துல வரப்பு கட்டிரும், பள்ளம் இன்னும் பெருசாகும். ஸ்பாஞ்ச்ல உறிஞ்சு பக்கெட்ல பிழியுங்க, அப்புறமா ஈரத்த உறிஞ்சுற சுட்ட களிமண் குருணை மூட்டைலருந்து ரெண்டு கை போட்டு கிளறிவிட்டா போதும். மூட்டையவே கவுத்துறாங்க சில பேர், அது பந்து உருள்ற மாதிரி காலையும் உருட்டிவிடும்.

ஆட்டத்துக்கு நடுவுல குழி விழத்தான் செய்யும். அதுக்கு பாப்பா ரெண்டு விஷயம் பழகிருக்கா. ரப்பர் 24 இன்ச் இருக்குல்ல, வலது ஓரம் குழியாயிருந்தா ஒரு அரை அடி எடது பக்கம் தள்ளி நின்னுக்கிறது, எட்டி வைக்கிற காலும் அந்த 24 இன்ச் நீளத்துக்கு நேராதான் விழணும், அதனால கோணலா போகக்கூடாது. ரெண்டாவது, ஒவ்வொரு இன்னிங்ஸ் தொடக்கத்துலயும் தானே காலால மண்ண இழுத்து மிதிச்சு சமப்படுத்துறது. ஒக்லஹோமா சிட்டில நடக்கிற காலேஜ் பொண்ணுங்களோட சாஃப்ட்பால் வேர்ல்ட் சீரிஸ் டிவில போட்டா பாருங்க, அவ்வளவு பெரிய பிட்சருங்களும் உள்ள வந்த உடனே மொதல்ல மண்ணத்தான் பாப்பாங்க.

ஒரு ரூல் கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கோங்க. குழி ஆழமாயிட்டா புள்ளைங்க தெரியாமலே ரப்பர விட்டுட்டு குழிக்குள்ள காலப் போட்டு அங்கருந்து உந்த ஆரம்பிச்சுரும், அது இல்லீகல் பிட்ச், அதாவது விதிய மீறுன பந்து. தேய்ச்சுக்கிட்டுப் போற கால் மண்ணத் தொடாம போறதப் பத்தின ரூல் லீக்குக்கு லீக் மாறும், உங்க லீக்ல கேட்டுக்கோங்க. ஒருதடவ அம்பயர் பாப்பாவக் கூப்பிட்டு இல்லீகல் பிட்ச்சுன்னு சொல்லிட்டாரு, கோச் போய் குழியக் காட்டி மரியாதையா பேசுன உடனே அவரே ஆட்டத்த நிறுத்தி ரேக் கொண்டுவரச் சொன்னாரு. கேட்டா செய்வாங்க, புள்ள வாய் தொறந்து கேக்காது, நம்மதான் கேக்கணும்.

போன வாரம் அதே கிரவுண்ட்ல 4 இன்னிங்ஸ், 2 வாக். கால் முழுசா எட்டி வைக்கிறா. ஆட்டத்துக்கு முன்னாடி நான் டேம்பரோட நிக்கிறப்ப எதிர் டீம் பிட்சர் புள்ள வந்து நானும் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி இடிச்சாங்க, ரெண்டு பேர் காலும் அதே எடத்துலதான விழப்போகுது.

வர்ற வெள்ளிக்கிழமை மழைன்னு போட்டிருக்கு. 20 அடிக்கு 20 அடி தார்ப்பாய் ஒண்ணு வாங்கி, கிரவுண்ட்ல சொல்லி அனுமதியும் வாங்கிட்டேன், வேலை முடிஞ்சு நேரா போய் சர்க்கிள மூடிட்டு ஓரத்துக்கு மணல் மூட்டை வச்சுட்டு வரணும்.