ஸ்டாண்டைப் பார்த்து வாங்கிய முதல் டெலஸ்கோப்

முதல் டெலஸ்கோப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குழாயைத்தான் பார்க்கிறார்கள். நான் ஸ்டாண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தது 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் (ஒளி குவிய ஆகும் தூரம்) உள்ள ஒரு டாப்சோனியன், அதாவது பலகைப் பெட்டியில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப். ஏன் அதில் போய் நின்றேன், வந்த பிறகு என்ன பார்த்தேன் என்று எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்தது பைனாகுலரில். கையில் 10×50 ஒன்று இருந்தது. 10 என்பது உருப்பெருக்கம், 50 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். வானத்தின் வழி பழக அது தாராளமாகப் போதும். கார்த்திகைக் கூட்டம் வெறுங்கண்ணுக்கு ஆறேழு புள்ளிகள்தான். பைனாகுலரில் நீலம் கலந்த வெள்ளையில் டஜன் கணக்கில் வந்துவிடும். 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கிற ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலமும் நீள்வட்டமாக ஒரு மங்கலாகத் தெரிந்தது. வியாழனைப் பார்த்தபோது மட்டும் வெறும் நடுக்கம். சுவரில் சாய்ந்து, முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பார்த்தேன். அதே பைனாகுலர், அதே கண். ஆனால் வியாழனுக்குப் பக்கத்தில் ஒரே கோட்டில் மூன்று சின்னப் புள்ளிகள்! கலிலியோ 1610ல் கண்ட நிலாக்கள். நான்காவது அன்றைக்குக் கிரகத்தோடு ஒட்டியிருந்தது. பத்து மடங்கிலேயே ஆட்டம் இவ்வளவு மறைக்கிறதென்றால், நூறு மடங்கில் ஸ்டாண்ட்தான் எல்லாம் என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது.

வாங்குவதற்கு முன் மூன்று வகைக் கருவிகளில் கண் வைத்துப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. ஒவ்வொன்றிலும் ஒரே சோதனை: ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, குழாயை விரலால் லேசாகத் தட்டி, ஆட்டம் அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுவது.

முதலாவது லென்ஸ் வைத்த 70 மி.மீ. ரிஃப்ராக்டர், மெல்லிய அலுமினிய முக்காலியில். பெட்டியில் 525 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருந்தது. டெலஸ்கோப்பின் குவியத் தூரத்தை, கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸான ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். சின்ன ஐபீஸ் போட்டால் எண் ஏறிக்கொண்டே போகும், அதற்கு முடிவே இல்லை. ஆனால் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதுதான் பொதுவாகச் சொல்லும் எல்லை. அப்படிப் பார்த்தால் 70 மி.மீ.க்கு 140. அதற்கு மேல் போனால் படம் பெரிதாகும், மங்கும், புதிதாக ஒரு விவரமும் வராது. லென்ஸைக் குறை சொல்ல மாட்டேன், நிலாவை அழகாகவே காட்டியது. ஃபோகஸ் திருகைத் தொட்டால்தான் எல்லாம் குதித்தது. ஐந்தாறு வினாடி காத்திருந்து, மறுபடி தொட்டால் மறுபடி குதிக்கும். சரியான ஃபோகஸைத் தாண்டினோமா, இன்னும் வரவில்லையா என்றே தெரியாது.

இரண்டாவது 114 மி.மீ. கண்ணாடி வைத்த ரிஃப்ளெக்டர். குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்தது, ஆனால் குழாய் அதில் பாதி நீளம்தான். இந்த வகையைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். ஃபோகஸருக்குள் ஒரு கூடுதல் லென்ஸை வைத்துக் குவியத் தூரத்தை நீட்டியிருப்பார்கள். மலிவான கருவிகளில் அந்த லென்ஸ் கூர்மையைக் கெடுக்கும், கண்ணாடிகளை ஒழுங்குபடுத்துவதையும் கடினமாக்கும். அது நின்றது ஈக்வடோரியல் மவுண்டில். ஒரு அச்சை வானத் துருவத்தை நோக்கி வைத்துவிட்டால் ஒரே திருகில் நட்சத்திரத்தைப் பின்தொடரலாம். நல்ல ஏற்பாடுதான், நீண்ட நேரம் திறந்து வைத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு அது வேண்டும். கண்ணால் பார்க்கிறவர்களுக்கு, அதுவும் மெல்லிய கால்களின் மேல் என்றால், சுமைதான். குழாய் திரும்பத் திரும்ப ஐபீஸ் ஒரு முறை தலைக்கு மேலும் ஒரு முறை குழாயின் அந்தப் பக்கமும் போய் நிற்கும்.

மூன்றாவது டாப்சோனியன். தட்டினேன், ஒரு வினாடியில் அடங்கிவிட்டது. அங்கேயே முடிவு பாதி ஆகிவிட்டது.

இந்த வடிவத்தைப் பரப்பியவர் ஜான் டாப்சன். சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர். கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்துக் குழியாடி செய்தார், கனமான அட்டைக் குழாயை உடலாக்கினார், மரப்பலகைப் பெட்டியை ஸ்டாண்டாக்கினார். அதைத் தெருவில் நிறுத்திப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார். 1968ல் அதற்கென்றே ஒரு குழுவும் உருவானது. அவர் வழியின் அழகே, காசு கண்ணாடிக்குப் போகிறது, ஸ்டாண்ட் வெறும் பலகையாக இருந்தும் அசையாமல் நிற்கிறது என்பதுதான். மோட்டார், கணினி வைத்த மவுண்ட்களை நான் யோசிக்காததற்கும் அதுதான் காரணம்.

சரி, எந்த அளவு? ஒளி சேரும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 150 மி.மீ. கண்ணாடி 70 மி.மீ. லென்ஸைவிட ஏறத்தாழ 4.6 மடங்கு ஒளியைச் சேர்க்கும். 200 மி.மீ. இன்னும் நல்லதுதானே என்று பலரும் சொன்னார்கள். சந்தேகமில்லை, காட்சியில் அதுதான் மேல். ஆனால் 150ஐ ஒரே நடையில் தூக்கிக்கொண்டு வெளியே போக என்னால் முடியும், 200ஐ முடியாது. இன்னொன்றும் உண்டு. இரண்டின் குழாய் நீளமும் ஏறக்குறைய ஒன்றே என்பதால் 150 எஃப்/8 ஆகிறது, 200 எஃப்/6 ஆகிறது (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்து வரும் எண்). எஃப்/8 பொறுமையான கருவி. சாதாரண ஐபீஸிலும் ஓரம் அதிகம் சிதறாது, கண்ணாடி இம்மி விலகினாலும் உடனே காட்டிக்கொடுக்காது. புதிதாக ஆரம்பிப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

வந்ததும் முதல் வேலை பகலில். தூரத்துக் கம்பத்தின் உச்சியை ஐபீஸின் நடுவில் வைத்து, குறிபார்க்க உதவும் ஃபைண்டரின் சிவப்புப் புள்ளியையும் அதே உச்சிக்குக் கொண்டுவந்தேன். இதை இருட்டில் செய்வது தேவையில்லாத அவதி. படம் தலைகீழாகத்தான் வரும். வானத்தில் மேலென்ன, கீழென்ன? எச்சரிக்கை ஒன்று: குழாயைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது. அதற்கென்றே செய்த வடிகட்டியைக் குழாயின் முன்வாயில் முழுதாகப் பொருத்தினால் மட்டுமே பார்க்கலாம். ஐபீஸில் திருகுகிற சூரிய வடிகட்டி சூட்டில் வெடித்துவிடும், கண் போய்விடும்.

இரவில் முதலில் நிலா. 25 மி.மீ. ஐபீஸில் 48 மடங்கு, நிலா முழுதாக உள்ளே வருகிறது. 10 மி.மீ.க்கு மாறினால் 120. பௌர்ணமியைவிடப் பாதிநிலாவை ஒட்டிய நாட்கள் எவ்வளவோ மேல். வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில் நிழல் நீளமாக விழும். 93 கி.மீ. அகலமுள்ள கோப்பர்னிகஸ் பள்ளத்தின் உட்சுவர் படிப்படியாக இறங்குவதும், நடுவிலுள்ள சிகரங்களின் முனையில் மட்டும் வெளிச்சம் தொட்டிருப்பதும் தெரிந்தது. வளர்பிறைப் பாதிநிலாவுக்கு மறுநாள் நேர்ச்சுவர் எனப்படும் 110 கி.மீ. நீளச் சரிவு, பேனாவால் இழுத்த கோடாகவே நின்றது.

சனியை 120 மடங்கில் பார்த்தேன். வளையத்தின் தளம் 2025 மார்ச்சில் பூமிக்கு நேராக வந்ததால் இப்போது ஒடுங்கித்தான் இருக்கிறது, இனி வருடா வருடம் விரியும். பக்கத்தில் அதன் நிலா டைட்டன். இவ்வளவு உருப்பெருக்கத்தில் வானம் ஓடுவது கண்ணுக்கே தெரிகிறது. வான நடுக்கோட்டருகே இருக்கும் ஒரு நட்சத்திரம் என் ஐபீஸை சுமார் 100 வினாடியில் கடந்துவிடும். குழாயை ஒரு விரலால் தள்ளி, அது கடந்து வருவதைப் பார்த்து, மறுபடி தள்ள வேண்டும். சில இரவுகளில் கை தானாகப் பழகிவிடுகிறது. ஸ்டாண்ட் உடனே அடங்குவதால்தான் இது சுகமாக இருக்கிறது.

என்னை அதிகம் கட்டிப்போட்டது சப்தரிஷி மண்டலத்து வசிட்டரும் அருந்ததியும். 48 மடங்கில் இருவரும் ஒரே பார்வையில், நடுவே நல்ல இடைவெளியோடு. வசிட்டரை மட்டும் உற்றுப் பார்த்தால் அவரே இரண்டாகப் பிரிகிறார்! இடைவெளி 14 விகலை (ஒரு விகலை என்பது ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்கு), எந்தச் சின்ன டெலஸ்கோப்பும் பிரித்துவிடும். வெறுங்கண்ணால் எத்தனையோ முறை பார்த்த புள்ளி அது.

ஓரியன் நெபுலாவில் சிவப்பை எதிர்பார்க்க வேண்டாம். கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற ஆவி மாதிரி சாம்பல் நிறம், உள்ளே நெருக்கமாக நான்கு நட்சத்திரங்கள். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால் சிறகுகள் இன்னும் நீளும், மங்கிய ஒளியைப் பிடிக்கும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை என்பதால். கண் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் விட வேண்டும். அதற்குள் போனைத் திறந்தால் திரும்ப முதலிலிருந்துதான். இந்த நேரம் கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு வரவும் உதவுகிறது. எடுத்துவந்தவுடன் பார்த்த வியாழன் கொதிக்கிற மாதிரி இருந்தது, அரைமணி கழித்துப் பட்டைகள் நின்று தெரிந்தன.

அப்புறம் கொலிமேஷன், அதாவது இரண்டு கண்ணாடிகளையும் நேர்ப்படுத்துவது. பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸை விலக்கினால் வட்டம் வட்டமாக விரியும். நடு நிழல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அடிக்கண்ணாடியின் பின்னாலுள்ள மூன்று திருகுகளில் ஒன்றைக் கால் சுற்று திருப்புவேன், நட்சத்திரத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து பார்ப்பேன். வட்டங்கள் ஒரே மையத்துக்கு வந்துவிட்டால் முடிந்தது.

அடுத்து ஒரு ஐபீஸ். ஐபீஸோடு சேர்த்துப் போட்டால் உருப்பெருக்கத்தை இரட்டிப்பாக்கும் பார்லோ லென்ஸ் வாங்கினால் 25 மி.மீ. 96 மடங்காகும், அது கையிலிருக்கும் 120க்குப் பக்கத்திலேயே வந்து விழுகிறது. 10 மி.மீ. 240 ஆகும், காற்று அமைதியாக இருக்கும் அபூர்வ இரவுகளுக்குத்தான் அது. அதனால் 200 மடங்கு தரும் 6 மி.மீ. பக்கம் சாய்ந்திருக்கிறேன். வாங்குவதற்கு முன் அதையும் யாரிடமாவது இரவல் வாங்கி, வியாழன் உச்சியில் இருக்கும்போது ஒருமுறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.