சாண்டோரினியில் கரையிறங்கிய காலை

கிரேக்கத்தின் சாண்டோரினித் தீவுக்கு எங்கள் சுற்றுலாக் கப்பல் காலை 7 மணிக்கு வந்து சேரும் என்று பயண அட்டவணையில் அச்சிட்டிருந்தார்கள். அதை நம்பி, கப்பலில் விற்ற சுற்றுலாவை வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, தீவிலுள்ள ஃபிரா நகரில் வேன் ஓட்டும் ஒருவரிடம் நானே நேரடியாக முன்பதிவு செய்தேன். நான்கு பேருக்கு அவர் கேட்ட தொகை, கப்பல் கேட்டதில் பாதிகூட இல்லை. 8 மணிக்குச் சந்திக்கலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். 9.15 என்று வைத்துக்கொள்ளலாம், கப்பல் அந்தத் துறைமுகத்தைத் தவிர்த்துவிட்டால் பணம் தரவேண்டாம் என்று பதில் வந்தது. ஒன்றேகால் மணி நேரத்தை வீணாக்குகிறாரே என்று அன்று எனக்குச் சற்று எரிச்சல்தான்.

சாண்டோரினியில் பெரிய கப்பல்கள் கரையைத் தொடுவதே இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அதன் பொருள் புரிந்திருக்கவில்லை. எரிமலை வெடித்து உள்ளே சரிந்த பள்ளத்தில் கடல் புகுந்து உருவான அந்த நீர்ப்பரப்பு, சில இடங்களில் 350 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ளது. கப்பல் நடுநீரில் நிற்க, டெண்டர் என்னும் சிறு படகுகள்தான் பயணிகளைக் கரைக்கு ஏற்றிச் செல்கின்றன. கப்பலின் சொந்தச் சுற்றுலாவை வாங்கியவர்களை முதலில் ஏற்றி, பேருந்துகள் காத்திருக்கும் அதினியோஸ் துறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். எங்களைப் போலத் தனியாகச் செல்பவர்களுக்கு அதன் பிறகே படகு. அதுவும் ஃபிராவுக்கு நேர்கீழே, செங்குத்தான பாறையடியில் இருக்கும் பழைய துறைக்கு. அங்கிருந்து ஏறக்குறைய 220 மீட்டர் உயரத்திலுள்ள ஊருக்குச் செல்ல மூன்றே வழிகள்: ரோப் கார், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள், அல்லது கோவேறு கழுதை.

முதல் குழப்பம் கப்பலுக்குள்ளேயே தொடங்கியது. இத்தாலியிலிருந்து கிரேக்கத்துக்குச் செல்லும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்த வேண்டும். முந்தைய இரவு அறைக்கு வந்த தாளில் அதைத் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் கடலில் கட்டணம் ஏறிவிடுமே என்று கைபேசியை ஏரோபிளேன் மோடில் வைத்திருந்ததால், அது தானாக மாறவில்லை. காலையில் அம்மா தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஆறுதானே ஆகுது, ஏன்டா பறக்கிற?" என்றார். அப்போது கப்பலின் நேரம் 7 மணி.

படகுக்கான எண் சீட்டுகளை அரங்கில் கொடுத்தார்கள். நாங்கள் போய் நின்றபோது வரிசை கதவைத் தாண்டியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த எண் 11. கப்பல் வந்து நிற்பது வேறு, உள்ளூர் அதிகாரிகள் இறங்க அனுமதிப்பது வேறு என்பதும் அங்கேதான் புரிந்தது. 7.40 வரை ஒருவரையும் இறக்கவில்லை. எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது மணி 8.25. படகில் பத்து நிமிடம். அதன்பின் ரோப் கார் வரிசை.

பழனியில் ரோப் காருக்கு நின்றவர்களுக்கு அந்த வரிசையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஆறு பெட்டிகள், பெட்டிக்கு ஆறு பேர், ஆக ஒரு தடவைக்கு 36 பேர். பயணம் மூன்று நிமிடந்தான், ஆனால் அன்று இன்னும் இரண்டு கப்பல்கள் வந்திருந்தன. படி ஏறிவிடலாம் என்றான் மகன். அம்மாவின் முழங்காலை நினைத்து நான் மறுத்துவிட்டேன். அந்த வெயிலில் ஆட்களைச் சுமந்து ஏறும் பிராணிகளைப் பார்த்தபின் கழுதைச் சவாரியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. மேல்நிலையத்தின் வாசலில் நாங்கள் வெளிப்பட்டபோது மணி 9.20. ஓட்டுநர் என் பெயரெழுதிய அட்டையோடு, எந்தப் பதற்றமும் இல்லாமல், காப்பி குடித்துக்கொண்டிருந்தார். 8 மணி என்று நான் பிடிவாதம் பிடித்திருந்தால் எண்பது நிமிடக் காத்திருப்புக்கு அவர் தனியாகப் பணம் கேட்டிருந்தாலும் நியாயந்தான்.

பேருந்துக் கூட்டம் முதலில் ஓயா என்னும் ஊருக்குப் போகும் என்று சொல்லி அவர் எங்களை அக்ரோத்திரி அகழாய்வுக் களத்துக்கு அழைத்துச் சென்றார். எரிமலைச் சாம்பலில் புதைந்து கிடந்த அந்த நகரத்தை அரைமணி நேரம் ஏறக்குறைய தனியாகவே பார்த்தோம். ஓயாவில் ஒரு மணி நேரம் கிடைத்தது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

திரும்பும்போதுதான் உண்மையான பயம். கடைசிப் படகு 4.30க்கு. கப்பலின் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும்; நமக்காகக் காத்திருக்காது. விட்டுவிட்டால் அடுத்த துறைமுகமான துருக்கியின் குஷாதாசிக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும், எங்கள் கடவுச்சீட்டுகளோ கப்பல் அலுவலகத்தில் இருந்தன. ஓட்டுநர் 2.45க்கே எங்களை ரோப் கார் வரிசையில் நிறுத்திவிட்டார். ஐம்பது நிமிடம் நின்றோம். மகன் மட்டும் படிவழியே இறங்கி, வழுக்கும் கற்களையும் கழுதைச் சாணத்தையும் சபித்துக்கொண்டே, எங்களுக்கு முன்பாகக் கீழே போய் உட்கார்ந்திருந்தான்.

இதில் பாடம் கற்றவனாக அன்றிரவே குஷாதாசி வழிகாட்டிக்குச் செய்தி அனுப்பி, சந்திப்பை 8 மணியிலிருந்து 9.30க்கு மாற்றிக்கொண்டேன். குஷாதாசியில் கப்பல் நேராகத் துறைமேடையில் அணைகிறது என்பதை விசாரிக்கத் தோன்றவில்லை. 7.50க்கு வெளிவாசலில் நின்றோம். தம் கடிகாரத்தை அதற்குள் சரியாகத் திருத்திக்கொண்டிருந்த அம்மா, தேநீர்க் கடையில் இரண்டாவது கோப்பையைக் காலி செய்துவிட்டு, இதற்கா என்னை ஆறு மணிக்கு எழுப்பினாய் என்று கேட்டார்.